கப்பல் வந்தது, ஆள் எங்கே? காட்சு கைஷூவும் ஜப்பானியக் கடற்படையின் முதல் 20 ஆண்டுகளும்

1862 அக்டோபரில் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் டோகுகாவா இயெமோச்சியின் முன்னிலையில் ஒரு கடற்படைத் திட்டம் விவாதத்துக்கு வந்தது. நாட்டைச் சுற்றி ஆறு படைப்பிரிவுகள், 370 கப்பல்கள், 61,205 ஆட்கள். இது நிறைவேற எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று மூத்த அமைச்சர்கள் கேட்டார்கள். போர்க்கப்பல் துறையின் துணை ஆணையராகச் சில நாட்களுக்கு முன்புதான் அமர்த்தப்பட்டிருந்த காட்சு ரின்டாரோ, 500 ஆண்டு ஆகும் என்றார். காசு கொடுத்தால் கப்பல் கிடைத்துவிடும், ஓட்டத் தெரிந்த ஆள் அப்படிக் கிடைக்கமாட்டான், இங்கிலாந்தே இந்த நிலைக்கு வர 300 ஆண்டு எடுத்துக்கொண்டது என்பது அவருடைய வாதம். திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

காட்சு கைஷூ என்று பின்னாளில் அறியப்பட்ட இந்த மனிதரை ஜப்பானியக் கடற்படையின் தந்தை என்று சொல்வது வழக்கம். கப்பல் ஓட்டுவதில் அவர் சுமாரானவர்தான். கணக்கு அவருக்குச் சரியாக வராது, கடல் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவருடைய பலம் வேறு இடத்தில் இருந்தது. கப்பலில் யாரைச் சேர்ப்பது, யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது, செலவை ஆண்டுதோறும் யார் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தொடங்கியவற்றில் பல பாதியில் உடைந்ததற்கும் இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்காததே காரணம். தேதிகளை இன்றைய நாட்காட்டிப்படியே கொடுத்திருக்கிறோம். அன்றைய ஜப்பானிய ஆவணங்களில் சந்திர மாதக் கணக்கு இருப்பதால் வேறு இடங்களில் படிக்கும்போது ஒரு மாதம் முன்பின்னாகத் தெரியும்.

58 தொகுதி அகராதி

1823-இல் எடோவின் ஹோன்ஜோ பகுதியில் பிறந்தார். குடும்பம் ஷோகுனின் நேரடிப் பணியாளர் வகுப்பைச் சேர்ந்தது என்றாலும் அதன் அடித்தட்டில் இருந்தது. பரம்பரை மானியம் 41 கொக்கு அரிசி. ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர். ஒருவர் ஓராண்டு சாப்பிடும் அரிசி அவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தார்கள். அரசு வேலை கிடைக்காத வீட்டில் இந்த மானியம் கடனுக்கும் வட்டிக்குமே சரியாகப் போய்விடும். தந்தை காட்சு கோகிச்சி கடைசிவரை வேலை கிடைக்காமலே இருந்தவர்.

ரின்டாரோ முதலில் வாள் பயின்றார், பிறகு டச்சு மொழிக்குத் திரும்பினார். மேற்கத்திய நூல்களில் டச்சு நூல்கள் மட்டுமே நாட்டுக்குள் வந்த காலம் அது. பீரங்கி பற்றியோ கோட்டை கட்டுவது பற்றியோ படிக்க அகராதி வேண்டும். டச்சு-ஜப்பானிய அகராதி 58 தொகுதி; விலைக்கு வாங்குவதை அவரால் நினைத்தும் பார்க்க முடியாது. ஒரு மருத்துவரிடமிருந்து ஆண்டுக்கு 10 ரியோ (அன்றைய தங்க நாணயம்) வாடகை பேசி அதை எடுத்துவந்து, 1847 இலையுதிர்காலத்திலிருந்து மறு ஆண்டு வரை உட்கார்ந்து, முழுவதையும் இரண்டு முறை கையால் எழுதினார். ஒரு பிரதியை விற்று வாடகையைக் கட்டினார், மற்றதை வைத்துக்கொண்டார். கோடையில் கொசுவலை இல்லை, குளிருக்குப் போர்வை இல்லை, வீட்டுத் தூணையும் பலகையையும் உடைத்து அடுப்பெரித்தோம் என்று அந்தப் பிரதியின் முடிவில் அவரே குறித்துவைத்திருக்கிறார்.

1850-இல் அகசாகாவில் டச்சுக் கல்வியும் பீரங்கிக் கலையும் கற்பிக்கும் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பல நிலப்பிரபுத்துவ அரசுகள் பீரங்கி வார்ப்பதற்கு அவரிடம் யோசனை கேட்டு வந்தன.

கறுப்புக் கப்பல்களும் ஒரு மனுவும்

1853 ஜூலையில் பெரி தலைமையில் நான்கு அமெரிக்கக் கப்பல்கள் உராகா அருகே நங்கூரம் போட்டன. இரண்டு நீராவிக் கப்பல், இரண்டு பாய்மரக் கப்பல். எதிர்த்து நிற்க ஜப்பானிடம் ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. பெரிய கப்பல் கட்டுவதையே 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஷோகுன் ஆட்சி தடைசெய்து வைத்திருந்தது. பிரபுக்கள் கடல்வழியாகப் படை திரட்டிவிடக் கூடாதே என்ற அச்சம் அதன் காரணம். அந்தத் தடை 1853-இல்தான் நீங்கியது.

மூத்த அமைச்சர் அபே மசஹிரோ, வழக்கத்தை மீறி, பிரபுக்கள் முதல் கீழ்நிலைப் பணியாளர் வரை எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். வந்து குவிந்த நூற்றுக்கணக்கான மனுக்களில் காட்சுவின் மனு தனித்துத் தெரிந்தது. குடிப்பிறப்பு பாராமல் திறமையுள்ளவர்களைப் பொறுக்கி எடுங்கள். சீனா, ரஷ்யா, கொரியாவோடு வணிகம் செய்து அந்த லாபத்தில் போர்க்கப்பல் கட்டுங்கள். எடோவின் கரைக்காவலைப் பலப்படுத்துங்கள். படைப் பயிற்சிக்குப் பள்ளி அமைத்து நூல்களைச் சேருங்கள். வெடிமருந்தையும் ஆயுதத்தையும் இங்கேயே செய்யுங்கள். மற்றவர்கள் சண்டையா சமாதானமா என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பணம் எங்கிருந்து வரும் என்றும் எழுதியவர் இவர். ஓகுபோ தடாஹிரோ என்ற அதிகாரியின் கண்ணில் அந்த மனு பட்டது. 1855-இல் அரசு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. இந்த ஓகுபோதான் 1868-இலும் அவர் பக்கத்தில் நின்றவர்.

நாகசாகி: பாடம் எப்படி நடந்தது

1855 இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சிக்கூடம் திறந்தது. நெதர்லாந்து அரசர் அன்பளிப்பாக அனுப்பிய துடுப்புச் சக்கரக் கப்பலுக்குக் கன்கோ மாரு என்று பெயரிட்டார்கள். பெல்ஸ் ரைக்கென் தலைமையில் 22 டச்சுக்காரர்கள் முதல் ஆசிரியர் குழு. 1857-இல் கட்டெண்டைக் தலைமையில் 37 பேர் கொண்ட இரண்டாம் குழு வந்தது. கூடவே ஷோகுன் அரசு விலைக்குக் கேட்டிருந்த கன்ரின் மாருவும் வந்து சேர்ந்தது.

ஷோகுனின் ஆட்களோடு பிற அரசுகளின் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். சாகாவிலிருந்து 48, ஃபுகுவோகாவிலிருந்து 28, சட்சுமாவிலிருந்து 16, சோஷூவிலிருந்து 15 என்று பட்டியல் போகிறது. 13 ஆண்டு கழித்து ஒருவரை ஒருவர் சுடப் போகிறவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

கடலோட்டம், கப்பல் கட்டுதல், பீரங்கி, நீராவி எஞ்சின், கணிதம் எல்லாம் பாடம். ஆசிரியர் டச்சில் சொல்வார், நாகசாகியின் பரம்பரை மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார். சிக்கல் அங்கேயே தொடங்கியது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் வணிகப் பேச்சில் ஊறியவர்கள். கொதிகலனின் வால்வுக்கோ மடக்கைக்கோ அவர்களிடம் சொல் கிடையாது. கணக்கு அடிப்படையே இல்லாத மாணவருக்குக் கடலில் நிற்கும் இடத்தைக் கணக்கிடச் சொல்லிக்கொடுப்பது இன்னும் கடினம். எடோவிலிருந்து வந்த ஓனோ டோமோகோரோ போன்ற கணக்கு வல்லவர்கள் விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் திணறினார்கள். டச்சு தெரிந்த காட்சு ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பாலமாக நின்றார். கணிதத்தில் தேறாவிட்டாலும் அவரை விடமுடியாமல் போனது அதனால்தான். கூடம் தொடங்கியது முதல் 1859 தொடக்கம் வரை நாகசாகியிலேயே இருந்தார்.

கட்டெண்டைக் கண்ட இன்னொரு குறை: சாமுராய் மாணவர்கள் ஆளுக்கொரு பாடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். சுக்கான் பிடிக்கிறவர் பீரங்கியைத் தொடமாட்டார். வடம் இழுப்பதும் பாய் சுருட்டுவதும் கலாசி வேலை, வாள் கட்டியவன் வேலை அல்ல என்ற எண்ணம் ஆழமாகக் கிடந்தது. கப்பலில் அதிகாரி என்பவன் கலாசியின் வேலையைத் தானும் செய்து பார்த்தவனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயலில் என்ன உத்தரவு போடுவது என்றே அவனுக்குத் தெரியாது. இந்தக் குறையின் விலை மூன்றாண்டுக்குள் பசிபிக்கில் தெரிந்தது.

எடோவின் சுகிஜியில் 1857-இலேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியிருந்தது. செலவைக் காட்டியும் அரசியல் மாறியதாலும் நாகசாகிக் கூடம் 1859-இல் மூடப்பட்டது. டச்சு ஆசிரியர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் தொடங்கிவைத்த இரும்பாலை மட்டும் தங்கி வளர்ந்து, பின்னர் மிட்சுபிஷியின் நாகசாகிக் கப்பல்தளம் ஆனது.

கன்ரின் மாரு: 37 நாட்கள்

1860-இல் அமெரிக்க ஒப்பந்தத்தை உறுதிசெய்ய ஷோகுனின் தூதுக்குழு வாஷிங்டன் புறப்பட்டது. அவர்கள் போனது போவ்ஹட்டன் என்ற அமெரிக்கக் கப்பலில். ஜப்பானியர் ஓட்டும் கப்பல் ஒன்றும் கூடப் போக வேண்டும் என்று முடிவானது. முதலில் கன்கோ மாருவைத் தேர்ந்தார்கள். திறந்த கடலுக்குத் துடுப்புச் சக்கரம் ஆகாது என்று தடுத்தவர் அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட் ஜான் புரூக். அவருடைய சிறிய ஆய்வுக் கப்பல் 1859-இல் யோகோஹாமாவில் புயலில் கரைதட்டிப் போயிருந்தது. ஊர் திரும்ப வழி தேடிக்கொண்டிருந்த அவரும் அவருடைய ஆட்களும் கன்ரின் மாருவில் ஏற்றிக்கொள்ளப்பட்டார்கள்.

கப்பல் மூன்று பாய்மரம் கொண்டது, நீளம் ஏறக்குறைய 49 மீட்டர், 12 பீரங்கி, 100 குதிரைத்திறன் எஞ்சின். நிலக்கரி சில நாளுக்குத்தான் வரும். துறைமுகத்தில் நுழையவும் வெளியேறவும் எஞ்சின், நடுக்கடல் முழுதும் பாய். ஆகவே இந்தப் பயணத்தில் பாய் வேலைதான் உயிர். ஜப்பானியர் 96 பேர், அமெரிக்கர் 11 பேர். கலாசிகள் 50 பேரில் 35 பேர் உள்நாட்டுக் கடலிலுள்ள ஷிவாகு தீவுகளின் மரபுக் கப்பலோட்டிகள். கரையைப் பார்த்து ஓட்டுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள், வாரக்கணக்கில் கரையே தெரியாத கடல் அவர்களுக்குப் புதிது.

பிப்ரவரி 10-ஆம் தேதி உராகாவிலிருந்து புறப்பட்டார்கள். வடபசிபிக்கின் மிக மோசமான பருவம் அது. முதல் சில நாளிலேயே புயல் பிடித்துக்கொண்டது. ஜப்பானியரில் பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள். மேலே ஏறிப் பாய் சுருட்ட ஆள் இல்லை, அவிழ்ந்த வடம் சுருட்டப்படாமல் கிடந்தது. அதிகாரிகளை முறைவைத்துக் காவல் நிற்கச் செய்யும் ஏற்பாடே இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறி, இரவும் பகலும் யாராவது ஒரு பொறுப்பாளர் மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்பது கப்பலின் அரிச்சுவடி. புரூக் தன் ஆட்களைக் கொண்டு கப்பலைக் காப்பாற்றிக்கொண்டே அந்த ஒழுங்கை ஏற்படுத்தினார். ஜப்பானியரில் அவர் நம்பியது சிலரை மட்டும்: சிறுவயதில் புயலில் சிக்கி அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலால் மீட்கப்பட்டு அங்கேயே வளர்ந்த மான்ஜிரோ, நிலையறியும் கணக்கில் அமெரிக்கருக்கு ஈடுகொடுத்த ஓனோ, இன்னும் ஓரிருவர்.

காட்சு புறப்படும்போதே காய்ச்சலில் இருந்தார். வழியில் பெரும்பகுதி அறையை விட்டு வெளிவரவில்லை. உடம்பு ஒரு காரணம், மனக்கசப்பு மற்றொன்று. கப்பலின் தலைவர் கிமுரா யோஷிடகே, போர்க்கப்பல் ஆணையர், உயர்குடி, காட்சுவைவிட வயதில் இளையவர். காட்சுவை நாம் இன்று கேப்டன் என்கிறோம். அவருக்கு அன்று இருந்த பதவி கப்பல் பயிற்சிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் என்பதுதான். கடலில் இறுதி உத்தரவு யாருடையது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. சம்பளமோ கடல் வேலையைப் பார்த்து அல்ல, பிறந்த வீட்டின் மானியத்தைப் பார்த்து. பயணத்துக்கு முன் ஆட்களின் படியை உயர்த்தக் கேட்டுப் பார்த்த கிமுரா, அது போதாமல் தன் சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்தார். எதைக் கேட்டாலும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று காட்சு ஒதுங்கிக்கொண்டதையும், ஒருமுறை நடுக்கடலில் ஊர் திரும்புகிறேன், படகை இறக்குங்கள் என்று கோபித்ததையும் கிமுரா பின்னாளில் நினைவுகூர்ந்தார். இதைக் காட்சுவின் குணக்கேடு என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். அதிகாரத்தைப் பிறப்பு ஒரு பக்கமும் தொழிலறிவு மறு பக்கமும் இழுத்த கப்பல் அது.

மார்ச் 17-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள். மேர் தீவின் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் கன்ரின் மாருவைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. ஜப்பானியக் கலாசிகள் மூவர் அங்கே நோயில் இறந்தார்கள், அவர்கள் கல்லறைகள் இன்றும் அந்தப் பகுதியில் உள்ளன. மே 8-இல் கிளம்பி ஹொனலூலு வழியாக ஜூன் இறுதியில் ஊர் திரும்பியபோது கப்பலைப் பெரும்பாலும் ஜப்பானியரே ஓட்டினார்கள். உதவிக்குச் சில அமெரிக்கக் கலாசிகள் மட்டும் இருந்தார்கள். பருவம் நல்லது, ஆட்களும் போகும்போது கற்றிருந்தார்கள்.

அந்நியர் உதவி இல்லாமலே கடந்தோம் என்ற பெருமைக்கதை நாட்டில் நிலைத்தது. காட்சுவும் அதை வளர்த்தார், கிமுராவின் பணியாளாகக் கூடச் சென்ற ஃபுகுசாவா யுகிச்சியும் ஏறக்குறைய அப்படியே எழுதினார். புரூக் தன் நாட்குறிப்பை வெளியிடாமலே இறந்தார். அது 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அச்சேறிய பிறகே போகும் வழியில் நடந்தது தெளிவானது. புரூக் தன் உதவியைப் பறைசாற்றாதது பெருந்தன்மை. ஆனால் கடற்படைக்கு அந்த உண்மை 1860-லேயே தேவைப்பட்டது.

திரும்பி வந்ததும் அமைச்சர்கள் அமெரிக்காவில் என்ன கண்டாய் என்று கேட்க, அங்கே மேலே இருப்பவர்கள் அதற்குத் தகுந்த அறிவுள்ளவர்கள், அது நம் நாட்டுக்கு நேர்மாறு என்று தான் சொன்னதாகக் காட்சு முதுமையில் கூறியிருக்கிறார். வந்த பிறகு இரண்டு ஆண்டு அவருக்குக் கடற்படையில் இடமில்லை.

கோபே: எல்லோருக்கும் ஒரு கடற்படை

1862-இல் மீண்டும் அழைக்கப்பட்டார். 500 ஆண்டு என்ற பதில் அப்போது சொன்னதுதான். அவர் மனதில் இருந்தது ஷோகுனின் கடற்படை அல்ல. எல்லா அரசுகளும் ஆளும் பணமும் தரும் ஒரே நாட்டின் கடற்படை. அதற்கும் மேலே போய், ஜப்பானும் கொரியாவும் சீனாவும் சேர்ந்து கடலைக் காக்க வேண்டும் என்றும் பேசினார். அந்த ஆண்டின் இறுதியில் டோசா அரசை விட்டு ஓடிவந்த சாகாமோட்டோ ரியோமா அவர் வீட்டுக்கு வந்தார். கொல்ல வந்தார் என்று கதை சொல்வார்கள். மாணவராகச் சேர்ந்தார் என்பது உறுதி.

1863 ஜூனில் ஷோகுன் இயெமோச்சி ஜுன்டோ மாரு என்ற நீராவிக் கப்பலில் ஒசாகா விரிகுடாவைச் சுற்றிப் பார்த்தார். கரையோரம் பீரங்கி மேடை கட்டினால் போதாது, அதைக் காக்கக் கப்பலும் ஆளும் வேண்டும் என்று கப்பலிலேயே விளக்கிய காட்சு, கோபேயில் பயிற்சிக்கூடம் வேண்டும் என்று நேரில் கேட்டார். அந்த இடத்திலேயே அனுமதி கிடைத்தது. கோப்பு பல கை மாறி ஆறு மாதத்தில் செத்துப்போகும் நிர்வாகத்தில் இது நடந்ததற்கு, கப்பலின் மேல்தளத்தில் ஷோகுனுக்கும் அவருக்கும் இடையே யாரும் இல்லாததுதான் காரணம். ஆண்டுக்கு 3,000 ரியோ ஒதுக்கப்பட்டது. கோபேயைத் தேர்ந்ததும் காரணத்தோடுதான். கரையருகே ஆழம் உண்டு. மரக்கப்பலைக் கரையேற்றி அடிப்பாகத்தை நெருப்பில் வாட்டி மரந்துளைக்கும் புழுவைக் கொல்லும் துறை ஒன்றை உள்ளூர்க்காரர் ஒருவர் ஏற்கனவே அங்கே கட்டிவைத்திருந்தார்.

3,000 ரியோ போதாது. ரியோமா எச்சிசென் அரசுக்குப் போய் நன்கொடை கேட்டு வாங்கிவந்தார். அரசுக் கூடத்தோடு காட்சுவின் சொந்தப் பள்ளியும் சேர்ந்து நடந்தது. ஷோகுனின் ஆட்கள், சட்சுமா ஆட்கள், டோசாவிலிருந்து ஓடிவந்தவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுத்தார். பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரான முட்சு முனெமிட்சுவும் கடற்படைத் தளபதியான இட்டோ சுகேயுகியும் அங்கே படித்தவர்கள்.

இதே நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1864 தொடக்கத்தில் இயெமோச்சி கடல்வழியாகவே எடோவிலிருந்து ஒசாகா புறப்பட்டார். வழியில் கடல் கொந்தளித்தது. கரையிறங்கித் தரைவழியே போகலாம் என்று உடன்வந்தவர்கள் மன்றாடினார்கள். கடலில் பொறுப்பு போர்க்கப்பல் ஆணையருடையது, அவர் சொல்வதே முடிவு என்று ஷோகுன் மறுத்துவிட்டதாகக் காட்சு கடைசிவரை சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார். கன்ரின் மாருவில் அவருக்குக் கிடைக்காத ஒன்றை 17 வயது இளைஞர் ஒரு வாக்கியத்தில் கொடுத்தார். அந்த இளைஞர் 1866-இல் இறந்தபோது டோகுகாவா குடி இன்றோடு முடிந்தது என்று காட்சு நாட்குறிப்பில் எழுதினார்.

கோபே ஓராண்டுகூட ஒழுங்காக நடக்கவில்லை. 1864-இல் கியோட்டோவில் ஷோகுன் எதிர்ப்பாளர்கள் மீது நடந்த இகேடாயா விடுதித் தாக்குதலில் செத்தவர்களில் இப்பள்ளி மாணவர் ஒருவர் இருந்தார். அடுத்த மாதம் சோஷூ படை பேரரசரின் அரண்மனை வாயிலில் மோதியபோது அந்தப் பக்கம் நின்றவர்களிலும் சிலர் இருந்தார்கள். ஷோகுனின் காசில் ஷோகுனின் எதிரிகளை வளர்க்கிறார் என்ற குற்றச்சாட்டு வந்தது. அந்த ஆண்டு இறுதியில் காட்சு பதவி இழந்தார், 1865-இல் கூடம் மூடப்பட்டது. குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது. எல்லோரையும் சேர்க்கும் கடற்படைக்கு எல்லோரும் ஏற்கும் ஓர் அரசு முதலில் வேண்டும். அது 1864-இல் இல்லை.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். காட்சு கூடங்களை அமைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய எதிரணியில் இருந்த ஓகுரி தடமசா, பிரெஞ்சுப் பொறியாளர் வெர்னியைக் கொண்டு 1865-இல் யோகோசுகாவில் கப்பல்தளத்தைத் தொடங்கினார். உலர்துறையும் வார்ப்பாலையும் இல்லாமல் கடற்படை இல்லை. அதைச் செய்தவர் ஓகுரி. 1868-இல் புதிய அரசின் படை அவரைத் தலைவெட்டிக் கொன்றது. பழைய ஷோகுனின் ஆட்களில் காட்சுவை மட்டும் நினைவில் வைத்து இவரை மறப்பது சரியில்லை.

1868: பயன்படுத்தாத கப்பல்கள்

1868 ஜனவரி இறுதியில் டோபா-ஃபுஷிமியில் ஷோகுன் படை சட்சுமா, சோஷூ படைகளிடம் தோற்றது. கடைசி ஷோகுன் யோஷிநோபு ஒசாகாவில் படையை விட்டுவிட்டுக் கையோ மாருவில் ஏறி எடோ வந்து சேர்ந்தார். தரையில் தோற்றாலும் கடலில் ஷோகுன் தரப்புக்கு நிகர் யாரும் இல்லை. நெதர்லாந்தில் கட்டி 1867-இல் வந்த கையோ மாரு 26 பீரங்கி, 400 குதிரைத்திறன். ஜப்பானிலேயே வலிமையான போர்க்கப்பல் அன்று அதுதான். சட்சுமா, சோஷூ படைகள் எடோ வரும் டோகாய்டோ சாலை சுருகா விரிகுடாவை ஒட்டிப் போகிறது. அங்கே கடலிலிருந்து சுட்டு அவர்களை இரண்டாகத் துண்டிக்கலாம் என்பது ஓகுரியின் யோசனை. அது நடைமுறையில் முடியக்கூடியதே என்று காட்சுவுக்கும் தெரியும். வென்றால் அடுத்தது என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு பக்கம் பிரெஞ்சுக் கடன், மறு பக்கம் ஆங்கில ஆயுதம், நடுவே நீண்ட உள்நாட்டுப் போர். யோஷிநோபு சரணடைய முடிவுசெய்து ஊஎனோ கோயிலில் ஒதுங்கினார். பொறுப்பு காட்சுவிடமும் ஓகுபோவிடமும் வந்தது.

எடோ மீதான தாக்குதல் நாள் ஏப்ரல் 7 என்று குறிக்கப்பட்டிருந்தது. காட்சு முதலில் யமாஓகா தெஸ்ஷூவைக் கடிதத்தோடு சுன்புவில் இருந்த எதிரணிப் படைத்தலைவர் சைகோ தகமோரியிடம் அனுப்பினார். அவர் கொண்டுவந்த நிபந்தனைகளின் சாரம்: யோஷிநோபுவை பிசென் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், கோட்டையைத் திறந்துவிட வேண்டும், கப்பல்களும் ஆயுதங்களும் முழுதும் தர வேண்டும், கோட்டைக்குள் வாழும் பணியாளர் ஆற்றுக்கு அப்பால் போக வேண்டும், போருக்குத் துணைநின்றவர்களைத் தண்டிக்க வேண்டும். தலைவரை எதிரி அரசிடம் கொடுக்கும் முதல் நிபந்தனையை மட்டும் தெஸ்ஷூ அங்கேயே ஏற்க மறுத்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 5, 6 தேதிகளில் எடோவின் சட்சுமா மாளிகைகளில் சைகோவும் காட்சுவும் சந்தித்தார்கள். இருவரும் 1864-இல் ஒசாகாவில் ஏற்கனவே பேசியவர்கள். முதல் நாள் பெரும்பாலும் அரசகுடிப் பெண்களின் பாதுகாப்பைப் பற்றியே பேச்சு. அடுத்த நாள் காட்சு மாற்று நிபந்தனைகளை வைத்தார்: யோஷிநோபு தன் பிறந்தகமான மிட்டோவில் ஒதுங்கி இருப்பார், கப்பலும் ஆயுதமும் ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டு, டோகுகாவா குடும்பத்துக்கு எவ்வளவு என்று முடிவான பின் மிச்சம் ஒப்படைக்கப்படும், துணைநின்றவர்களின் உயிருக்குத் தீங்கு வராது. சைகோ மேலிடத்தில் கேட்பதாகச் சொல்லித் தாக்குதலை நிறுத்தினார்.

பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்பதற்கும் காட்சு ஏற்பாடு செய்திருந்தார். தீயணைப்புக் குழுக்களின் தலைவர் ஷின்மோன் தட்சுகோரோ போன்றவர்களிடம் சொல்லி, எதிரி நுழைந்தால் நகருக்குத் தீ வைக்கவும், விரிகுடாவின் படகுகளைத் திரட்டி மக்களை எதிர்க்கரைக்குக் கொண்டுபோகவும் ஆள் வைத்தார். சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த மரவீட்டு நகரம் அது. பிரிட்டிஷ் தூதர் பார்க்ஸ், சரணடைந்தவரைத் தாக்குவது முறையல்ல என்று சொன்னதும் சைகோ தரப்பை அழுத்தியது. மே 3-இல் கோட்டை கைமாறியது.

கப்பல்கள் மட்டும் சொன்னபடி வரவில்லை. நாகசாகியில் படித்து நெதர்லாந்திலும் பயின்ற எனோமோட்டோ தகேயாகி அன்றிரவே கப்பல்களோடு தடேயாமாவுக்குப் போய்விட்டார். காட்சு போய்ப் பேசித் திருப்பிக்கொண்டுவந்து நான்கை ஒப்படைக்க வைத்தார். நல்லவற்றை எனோமோட்டோ வைத்துக்கொண்டு அக்டோபரில் எட்டுக் கப்பல்களோடு வடக்கே கிளம்பிவிட்டார். வழியில் புயலில் பிரிந்த கன்ரின் மாரு ஷிமிசு துறைமுகத்தில் பிடிபட்டது. கையோ மாரு நவம்பரில் எசாஷி அருகே பாறையில் மோதி மூழ்கியது. பிடிபட்ட கன்ரின் மாருவும் 1871-இல் குடியேறிகளை ஏற்றிச் சென்றபோது ஹொக்கைடோ கரையில் உடைந்தது.

பிறகு

1872-இல் கடற்படைக்குத் தனி அமைச்சகம் ஏற்பட்டது. காட்சு துணை அமைச்சர், 1873-இல் முதல் கடற்படை அமைச்சர். அன்றாட வேலையை நாகசாகியில் அவரோடு படித்த சட்சுமாக்காரர் கவமுரா சுமியோஷி நடத்தினார். 1874-இல் தைவான் படையெடுப்பை எதிர்த்த காட்சு, 1875-இல் விலகினார். அதன்பின் நேரமெல்லாம் இரண்டு வேலைக்குப் போனது: பழைய ஷோகுன் ஆட்சியின் கடற்படை, தரைப்படை வரலாறுகளை ஆவணங்களோடு தொகுப்பது, வேலையிழந்து ஷிசுவோகாவுக்குக் குடிபெயர்ந்த டோகுகாவா பணியாளர்களுக்குப் பிழைப்புத் தேடிக்கொடுப்பது.

போரிடாமல் சரணடைந்து புதிய அரசில் பதவியும் பட்டமும் வாங்கிக்கொண்டார் என்று ஃபுகுசாவா கடுமையாக எழுதி, அச்சிடும் முன் காட்சுவுக்கே அனுப்பிவைத்தார். செய்வதும் ஒதுங்குவதும் என்னுடையது, புகழ்வதும் இகழ்வதும் பிறருடையது, யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று பதில் போனது. ஃபுகுசாவாவின் குற்றச்சாட்டைச் சும்மா தள்ளிவிட முடியாது. தலைவனுக்காகச் செத்தவர்களுக்கு அந்தப் பதில் போதுமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி எரியாமல் இருந்த நகரத்தை வைத்துப் பார்த்தால் நாங்கள் காட்சு பக்கம்.

1894-இல் சீனாவோடு போர் மூண்டபோது அதை வெளிப்படையாக எதிர்த்த மிகச் சிலரில் அவர் ஒருவர். ஜப்பானியக் கூட்டுக் கப்பற்படையின் தளபதி கோபேயின் பழைய மாணவர் இட்டோ சுகேயுகி. எதிரே இருந்த சீனத் தளபதி டிங் ருசாங், 1891-இல் ஜப்பான் வந்தபோது காட்சுவைச் சந்தித்தவர். 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய்யில் தோற்ற டிங் தற்கொலை செய்துகொண்டார். இட்டோ கைப்பற்றிய கப்பல்களில் ஒன்றை விடுவித்து அவருடைய சவப்பெட்டியை மரியாதையோடு அனுப்பினார். டோக்கியோவில் காட்சு டிங்குக்காக இரங்கற்பா எழுதினார்.

1898 மார்ச்சில் யோஷிநோபு பேரரசர் மெய்ஜியை அரண்மனையில் சந்தித்தார். முப்பது ஆண்டு அதற்காகவே முயன்றுகொண்டிருந்த காட்சு, மறு ஆண்டு ஜனவரியில் இறந்தார். டோக்கியோவின் சென்சோகு குளக்கரையில் அவர் கல்லறை இருக்கிறது. சைகோவுக்காகக் காட்சு 1879-இல் எழுப்பிய நினைவுக்கல்லும் பின்னர் பழைய இடத்திலிருந்து பெயர்த்து வரப்பட்டு, அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே நடப்பட்டது.